கூட்டத்தைக் கூட்டுவது யார்? தென்னாப்பிரிக்காவில் வெளிநாட்டவர் மீதான பகையும் சமாதான வேலையும்

(திரையில்: ஜோகன்னஸ்பர்க் வரைபடம்)

வணக்கம். 2008 மே 11. ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ரா டவுன்ஷிப்பில், அதாவது கறுப்பின ஏழை மக்கள் நெருக்கமாக வாழும் நகரக் குடியிருப்பில், வெளிநாட்டவர்களை வீடு புகுந்து அடிக்கத் தொடங்கினார்கள். இரண்டே வாரத்தில் அது டர்பன், கேப் டவுன் வரை போய்விட்டது. மொத்தம் 62 பேர் இறந்தார்கள். அவர்களில் 21 பேர் தென்னாப்பிரிக்கர்கள்! பகை கிளம்பிவிட்டால் பாஸ்போர்ட்டையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

காரணம் கேட்டால் வேலையில்லாத் திண்டாட்டம் என்பார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் அதே அளவு வறுமையில் இருந்த எத்தனையோ பகுதிகள் அமைதியாகவே இருந்தன. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் துருவினார்கள். வன்முறை நடந்த பல இடங்களில் அதற்கு முன்பே தெருக்கூட்டம் நடந்திருந்தது. அதைக் கூட்டியவர்கள் செல்வாக்கு தேடிய உள்ளூர்ப் பெரும்புள்ளிகள். சில இடங்களில் போட்டிக் கடைக்காரர்கள். கும்பல் தானாகச் சேர்வதில்லை, யாரோ சேர்க்கிறார்கள்.

அப்படியானால் சமாதான வேலை தொடங்க வேண்டிய இடமும் அந்தக் கூட்டம்தான். 'அன்பு காட்டுங்கள்' என்று போஸ்டர் ஒட்டுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

(திரையில்: 1991)

இதில் அந்த நாட்டுக்குப் பழைய அனுபவம் உண்டு. நிறவெறி ஆட்சியின் கடைசிக் காலத்தில் அரசியல் கொலைகள் பெருகியபோது, 1991 செப்டம்பரில் தேசிய சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்கீழ் ஊர் ஊராகச் சமாதானக் குழுக்கள் அமைந்தன. அடித்துக்கொண்ட கட்சிகளும் போலீசும் சர்ச்சும் வியாபாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஊர்வலம் என்றால் கண்காணிப்பாளர்கள் முன்கூட்டியே போய் நிற்பார்கள். கொலைகள் நின்றுவிடவில்லை. ஆனாலும் பல இடங்களில் கைகலப்பு பெரிதாகாமல் தடுத்தார்கள். 1994 தேர்தலுக்குப் பிறகு அந்த அமைப்பையே கலைத்துவிட்டார்கள். 2008-ல் அதன் அருமை தெரிந்திருக்கும்.

(திரையில்: மசிபுமெலேலே)

கேப் டவுனுக்குத் தெற்கே உள்ள சின்ன டவுன்ஷிப் இது. 2006-ல் சோமாலியர் கடைகளை இங்கே சூறையாடினார்கள். அப்புறம் இரு தரப்பு வியாபாரிகளையும் உட்காரவைத்து மத்தியஸ்தம் நடந்தது. 2008-ல் மறுபடி கொள்ளை, வெளிநாட்டவர்கள் ஓடினார்கள். ஆனால் இந்தமுறை ஊர்த் தலைவர்களே அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அழைத்து வந்தார்கள். கொள்ளைபோன பொருட்களை மீட்கவும் ஊரார் இறங்கினார்கள். முதல் பேச்சுவார்த்தையில் உருவான பழக்கம் இதற்கு உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

சரி, இந்த மாதிரிப் பேச்சுவார்த்தைக்கு ஒரு விலையும் இருக்கிறது. 2009-ல் கேப் டவுனின் இன்னொரு டவுன்ஷிப்பான காயெலிட்ஷாவில் உள்ளூர் கடைக்காரர்களும் சோமாலியர்களும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். சாரம் இதுதான்: சோமாலியர்கள் புதிய கடை திறக்கக் கூடாது. பதற்றம் தணிந்தது. ஆனால் அடி வாங்கியவனே விட்டுக்கொடுத்தான். மிரட்டினால் போட்டியைக் குறைக்கலாம் என்ற பாடத்தையும் அது கற்றுக்கொடுக்கும். தூண்டிவிட்டவர்கள் மீது வழக்கு நடக்காத இடத்தில் சமாதானப் பேச்சு இப்படித்தான் சாய்கிறது.

இன்னொரு தரப்பைப் பலரும் மேசைக்கு அழைப்பதே இல்லை. வெளிநாட்டவருக்குக் கடையும் கொல்லைப்புற அறையும் வாடகைக்கு விடும் உள்ளூர்க்காரர்களைச் சொல்கிறேன். அவர்கள் ஓடினால் இவர்களுக்கு மாத வருமானம் போய்விடும். தெருக்கூட்டத்தில் எழுந்து 'வேண்டாம்' என்று சொல்ல உறுதியான காரணம் இருப்பது இவர்களிடம்தான். குழு அமைக்கும்போது முதலில் இவர்களைக் கூப்பிடலாம்.