நிரம்பிய பணியிடமும் வராத இயற்பியல் ஆசிரியரும்

வானொலி நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் ஆசிரியர் பற்றாக்குறை என்றதும், எத்தனை பணியிடங்கள் காலியாக இருக்கின்றன என்ற எண்ணிக்கையைச் சொல்வதோடு பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. 2022ஆம் ஆண்டில் 4,989 இடைநிலை ஆசிரியர், 5,154 பட்டதாரி ஆசிரியர், 3,188 முதுகலை ஆசிரியர் என மொத்தம் 13,331 பணியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்பப் பள்ளிக்கல்வித் துறை முடிவு செய்தது. அது எல்லோர் கண்ணிலும் பட்ட கணக்கு. அறிவியல் பாடத்தில் இன்னொரு பற்றாக்குறை இருக்கிறது. அது எந்தக் காலிப்பணியிடப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. அங்கே பணியிடம் நிரம்பியிருக்கிறது, ஆசிரியர் நாள்தோறும் வருகிறார், மனமுவந்து உழைக்கவும் செய்கிறார். ஆனால் அவர் நடத்தியாக வேண்டிய பாடத்தில் பாதிக்கு மேல் அவர் கல்லூரியில் முதன்மைப் பாடமாகப் படிக்காதது. இன்று அதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

சிற்றூர் ஒன்றில் இருக்கும் சிறிய உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒருவராகப் பட்டதாரி ஆசிரியர்கள் இருப்பார்கள். கணிதத்துக்கு வருபவர் கணிதம் படித்தவர், தமிழுக்கு வருபவர் தமிழ் படித்தவர். அறிவியலுக்கு வருபவரோ இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்றில் பட்டம் பெற்றவராக இருப்பார். அந்த ஒருவர் கையில் கொடுக்கப்படும் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலைப் புரட்டிப் பாருங்கள். 2019இல் வெளிவந்த புதிய பாடநூலில் 23 அலகுகள் உள்ளன. இயக்க விதிகள், ஒளியியல், வெப்ப இயற்பியல், மின்னோட்டவியல், ஒலியியல், அணுக்கரு இயற்பியல் என்று முதல் ஆறு அலகுகளும் இயற்பியல்; அடுத்த ஐந்தும் வேதியியல்; பன்னிரண்டாம் அலகிலிருந்து தாவர உள்ளமைப்பு, நரம்பு மண்டலம், மரபியல், பரிணாமம் என்று உயிரியல் விரிகிறது; கடைசி அலகு கணினி சார்ந்தது. விலங்கியல் படித்த ஆசிரியர் மரபியலை நடத்தும்போது, மெண்டலின் பட்டாணிச் செடிகளிலிருந்து தொடங்கி மாணவர் கேட்கும் பத்துக் கேள்விகளுக்கும் தயங்காமல் விடை சொல்வார். அவரே அணுக்கரு இயற்பியலுக்கு வரும்போது, பாடநூலில் உள்ள வரிகளைத் தாண்டிச் செல்ல அஞ்சுவார். தாம் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த இயற்பியலை நினைவிலிருந்து மீட்டெடுத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழையும் அந்த அச்சத்தை, தலைமையாசிரியராக இருந்த காலத்தில் நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

இந்த நிலை தற்செயலாக வந்ததன்று. விதிகளே இதற்கு இடம் தருகின்றன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து ஓர் ஆசிரியர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் என்பதையே குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கிறது. 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதமும் அதனுடன் சேர்ந்தது. எனவே மாணவர் எண்ணிக்கை குறைந்த ஒரு நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஒருவர் அறிவியலும் சேர்த்து நடத்தினால், சட்டப்படி அந்தப் பள்ளியில் எந்தக் குறையும் இல்லை. ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் நாள் நிலவரப்படி முடிவுசெய்யும் பணியாளர் நிர்ணயமும் மாணவர் தலைகளையே எண்ணுகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் உபரியாகிப் பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போகிறார். அறிவியல் பாடத்துக்கு இரண்டு ஆசிரியர் இருந்த பள்ளியிலிருந்து இப்படி ஒருவர் போய்விட்டால், எஞ்சி நிற்பவர் எந்தப் பாடம் படித்தவர் என்பதைப் பொறுத்து அந்த ஊர்ப் பிள்ளைகளின் இயற்பியலோ உயிரியலோ வாடத் தொடங்கும்.

இத்தனைக்கும் ஆசிரியரை உருவாக்கும் இடத்தில் இந்தப் பிரிவு தெளிவாகவே பேணப்படுகிறது. பி.எட். படிப்பில் இயற்பியலும் வேதியியலும் படித்தவர்கள் ஒரு பிரிவாகவும், தாவரவியலும் விலங்கியலும் படித்தவர்கள் இன்னொரு பிரிவாகவும் கற்பித்தல் முறைகளைப் பயில்கிறார்கள். 2015 முதல் அந்தப் படிப்பு இரண்டு ஆண்டுகளாகவும் நீண்டிருக்கிறது. ஆசிரியர் தேர்வு வாரியமும் நான்கு பாடங்களுக்கும் தனித்தனியாகத்தான் தேர்வு நடத்துகிறது. இவ்வளவு கவனத்தோடு பிரித்துப் பயிற்றுவித்து, பிரித்துத் தேர்ந்தெடுத்த பிறகு, பள்ளி வாசலில் வந்து நிற்கும்போது நால்வரையும் அறிவியல் ஆசிரியர் என்ற ஒரே பெயருக்குள் அடக்கிவிடுகிறோம். மேல்நிலை வகுப்பில் மீண்டும் பாடத்துக்கு ஒரு முதுகலை ஆசிரியர் வருகிறார். ஆகவே, ஒரு மாணவி இயற்பியல் படித்த ஒருவரிடம் இயற்பியலைக் கற்பது பதினொன்றாம் வகுப்பில்தான் முதன்முறையாக நிகழக்கூடும். அதற்குள் அந்தப் பாடம் தனக்கு வராது என்று அவள் முடிவு செய்து, வேறு பிரிவில் சேர்ந்திருப்பாள்.

தகுதி என்ற சொல்லை நாம் பெரும்பாலும் தேர்வோடு சேர்த்தே நினைக்கிறோம். 2012 ஜூலையில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். அதன் பிறகு, பள்ளி, கல்லூரி மதிப்பெண்களையும் தகுதித் தேர்வு மதிப்பெண்ணோடு சேர்த்துப் பார்க்கும் வெயிட்டேஜ் முறை வந்தது, போனது. தகுதித் தேர்வில் வென்றவர்கள் பணி நியமனத்துக்கென இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று 2018இல் அரசாணை வந்தது. இப்போது, 2025 செப்டம்பர் முதல் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் பணியில் ஏற்கெனவே இருப்பவர்களில் ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்களும் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். அந்தத் தேர்வின் இரண்டாம் தாளில் கணிதமும் அறிவியலும் சேர்த்து 60 மதிப்பெண். இருபது ஆண்டுகளாகத் தாவரவியலை உயிரோடு நடத்திய ஆசிரியை ஒருவர், ஐம்பது வயதை நெருங்கும்போது வேலையைக் காத்துக்கொள்வதற்காகக் கணிதப் பயிற்சி நூலோடு இரவில் உட்கார்ந்திருக்கிறார். தகுதி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஆசிரியைக்கு உண்மையில் வேண்டியிருந்தது, மின்னோட்டவியலையும் ஒளியியலையும் ஆய்வகத்தில் செய்து பார்த்துக் கற்கும் சில வாரப் பயிற்சி. அதை அவருக்கு யாரும் தரவில்லை.

பணியில் கிடைக்கும் மனநிறைவு என்று வரும்போது ஊதியம், இடமாறுதல், 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லாமற்போனது ஆகியவற்றை ஆசிரியர் சங்கங்கள் பேசுகின்றன, நியாயமான பேச்சு. மாணவர், பள்ளி விவரங்களைக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றும் வேலை, நலத்திட்டப் பொருள்களின் கணக்கு, தேர்தல் பணி என்று நேரம் கரைவதையும் எல்லோரும் அறிவோம். நான் இங்கே சேர்க்க விரும்புவது வேறொன்று. ஆசிரியருக்கு வகுப்பில் கிடைக்கும் மகிழ்ச்சி, தமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று இன்னொருவருக்குப் புரியும் கணத்திலிருந்து பிறக்கிறது. தெரியாத பாடத்தை ஆண்டு முழுவதும் நடத்துபவருக்கு அந்தக் கணம் வாய்ப்பதில்லை. குவிலென்சின் குவியத் தொலைவைக் கண்டறிந்து காட்டும்போது விடை பிசகினால், எங்கே பிசகியது என்று அவருக்குத் தெரியாது. எனவே அடுத்த ஆண்டு அந்தச் செய்முறையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறார். பொதுத்தேர்வில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. அது பிள்ளைகளுக்கு எப்படியும் கிடைத்துவிடும். கருவிகளை எடுத்து வைக்கவும் கழுவி அடுக்கவும் ஆய்வக உதவியாளர் இல்லாத பள்ளியில் அந்த வேலையும் அவர் தலையில்தான் விழுகிறது. இப்படித்தான் அலமாரி பூட்டப்படுகிறது, ஆசிரியரின் ஆர்வமும் அதோடு சேர்ந்து அடங்குகிறது.

அரசுப் பள்ளிகளுக்காக 2022 நவம்பர் 28 அன்று தொடங்கப்பட்ட வானவில் மன்றம் என்ற அறிவியல், கணிதத் திட்டத்தை நான் மதிக்கிறேன். கருத்தாளர்கள் எளிய பொருள்களோடு பள்ளிக்கு வந்து, ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளைச் சோதனை செய்ய வைக்கிறார்கள். வகுப்பறை அன்று கலகலக்கிறது. ஆனால் வருகை தருபவர் போய்விடுவார். மறுநாள் கேள்வி கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்ல வேண்டியவர் அந்தப் பள்ளியின் ஆசிரியர். அதே காரணத்தால்தான் தற்காலிக நியமனமும் போதுமான தீர்வாகாது. எம்.எஸ்ஸி., பி.எட். முடித்த ஒருவருக்கு 2022இல் மாதம் 12,000 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தோம். பின்னர் 18,000 ஆக்கினோம். நிரந்தர ஆசிரியர் வந்துவிட்டால் எந்த மாதத்திலும் வெளியேற வேண்டிய நிலையில் இருப்பவர், ஆய்வகத்தைச் சீர்செய்து நிலைநிறுத்துவார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமாகாது.

செய்யக்கூடியவை கைக்கு எட்டும் தொலைவில் உள்ளன. ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளிக்கும் இயற்பியல் அல்லது வேதியியல் படித்த ஒருவர், தாவரவியல் அல்லது விலங்கியல் படித்த ஒருவர் என இரண்டு அறிவியல் பணியிடங்களை மாணவர் எண்ணிக்கையோடு பிணைக்காமல் அனுமதிக்க வேண்டும். இது செலவுள்ள மாற்றம். ஆனாலும் இதையே நான் முதலில் கேட்பேன். அதற்கு நாளாகும் என்றால், அருகருகே உள்ள இரண்டு பள்ளிகளில் ஒன்றில் இயற்பியல் படித்தவரும் இன்னொன்றில் விலங்கியல் படித்தவரும் இருக்கும்போது, வாரத்தில் இரண்டு நாள் இருவரும் பள்ளி மாறி வகுப்பெடுக்க வழிசெய்யலாம். அதற்கு வேண்டியது ஓர் ஆணையும் பயணப்படியும்தான். பணியாளர் நிர்ணயப் படிவத்தில், அறிவியல் ஆசிரியர் பட்டம் பெற்ற பாடம் எது என்பதற்கு ஒரு கட்டம் சேர்த்து, எந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை என்பதை ஆண்டுதோறும் வெளியிடலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்கள், உங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் எந்தப் பாடம் படித்தவர், அவர் படிக்காத பாடத்துக்கு அவருக்கு என்ன பயிற்சி கிடைத்தது என்பதை அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள். ஆசிரியர் சங்கடப்படாதபடி, அவர் பக்கம் நின்று, அந்தக் கேள்வியைத் தீர்மானமாக எழுதி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.