கண்ணளவு ஏன் ஏமாற்றும்? பிரசவ உதிரப்போக்கு ஆராய்ச்சி நடக்கும் விதம்

[திரையில்: லேபர் ரூம் மேசை, ரத்தம் ஊறிய விரிப்பு]

இந்த விரிப்பில் எத்தனை மில்லி ரத்தம் இருக்கும்? மனதுக்குள் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தராசில் போடுவோம். காய்ந்த விரிப்பு 240 கிராம், நனைந்தது 610 கிராம். ஒரு கிராமை ஒரு மில்லி என்று வைத்தால் 370 மில்லி. பெரும்பாலானோர் நினைத்தது இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ரத்தம் அதிகமாகப் போகப் போக, கண்ணளவு இன்னும் பின்தங்கும்.

குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் 500 மில்லி போய்விட்டால் அது உதிரப்போக்கு. ராமேஸ்வரத்தில் பிரசவம் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் அவசரம். மேல்சிகிச்சைக்கு ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக பாம்பன் பாலம் தாண்டி சுமார் 55 கிலோமீட்டர். ஆடி அமாவாசை அன்று 108 வண்டி அந்தப் பாலத்தைக் கடக்கும் பாட்டை இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம்.

[திரையில்: கோடு போட்ட பிளாஸ்டிக் பை]

அளக்கும் கருவி இதுதான். கீழே பை வைத்த, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் விரிப்பு. பையில் மில்லி கோடுகள் அச்சிட்டிருக்கும். குழந்தை வெளியே வந்து, பனிக்குட நீர் வடிந்த பிறகு இதைத் தாயின் இடுப்புக்கடியில் விரிக்க வேண்டும். முந்திக்கொண்டால் நீரும் சேர்ந்து அளவு ஏறும். பிந்தினால் முதலில் வந்த ரத்தம் பழைய துணியோடு போய்விடும். சிறுநீரும், கழுவ ஊற்றிய கிருமிநாசினியும் பைக்குள் விழக்கூடாது.

அடிக்கடி நடக்கும் தவறு வேறொன்று. பையில் 180 என்று பார்த்து 180 என்றே எழுதிவிடுவார்கள். தையல் போடும்போது ஒற்றிய பஞ்சும் காஸ் துணியும் குப்பைத்தொட்டியில் கிடக்கும். அவற்றில் 370 இருந்தால் மொத்தம் 550. தாள் அந்தத் தாயை 'நார்மல்' என்கிறது, உடம்பு வேறு சொல்கிறது. பஞ்சின் காய்ந்த எடையை முன்னதாகவே எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது ஐந்து நிமிட வேலை.

ஆராய்ச்சிக்கு வருவோம். கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டக் கிராமங்களில் 1,620 பெண்களிடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. குழந்தை பிறந்ததும் 600 மைக்ரோகிராம் மிசோபிராஸ்டால் (கர்ப்பப்பையைச் சுருக்கும் மாத்திரை) விழுங்கியவர்களில் 6.4 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை விழுங்கியவர்களில் 12 சதவீதம் பேருக்கும் உதிரப்போக்கு. இரு தரப்பிலும் ரத்தத்தை அளந்தது இதே வகை விரிப்பில்தான்.

2023-இல் வந்த ஈ-மோட்டிவ் ஆய்வு இன்னும் பெரியது: ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகள், 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள். பாதி மருத்துவமனைகளுக்குக் கோடு போட்ட பை. அளவு எல்லையைத் தொட்டதும் கர்ப்பப்பையை மசாஜ் செய்வது, கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின், ரத்த உறைவு கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழியே ஏற்றும் ஐ.வி. திரவம், காரணத்தைத் தேடும் பரிசோதனை எல்லாம் ஒரே மூச்சில். மற்ற பாதிக்கு வழக்கமான சிகிச்சை. ஆனால் அங்கும் பை கொடுத்தார்கள், கோடு இல்லாத பை!

இந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. அங்கே கண்ணளவையே நம்பியிருந்தால் ரத்தப்போக்கு குறைவாகப் பதிவாகி, புது முறைதான் மோசம் என்று முடிவு வந்திருக்கும். அதனால் பையை எடைபோட்டு உண்மை அளவைப் பதிவுசெய்தார்கள். செவிலியர் கண்ணுக்குக் கோடு தெரியாததால் வழக்கமான கவனிப்பும் மாறவில்லை. உதிரப்போக்கு வந்த தாய்மார்களில் அது கண்டறியப்பட்டது கோடு போட்ட பை பக்கம் 93 சதவீதம், மறுபக்கம் 51. ஒரு லிட்டரைத் தாண்டுவது, ரத்தப்போக்குக்காக வயிற்றைத் திறப்பது, அதனால் இறப்பது ஆகிய மூன்றும் சேர்ந்த கணக்கு 4.3-இலிருந்து 1.6 சதவீதமாக இறங்கியது.

நேரமும் முக்கியம். 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த 'உமன்' ஆய்வில் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களிடமே உயிர்காக்கும் பலன் தெரிந்தது.

[திரையில்: கடற்கரை வரைபடம், தொண்டி முதல் வாலிநோக்கம் வரை]

இதே போன்ற ஆய்வை நம் கரையில் நடத்தினால்? யாருக்குக் கோடு போட்ட பை, யாருக்கு வழக்கமான சிகிச்சை என்று சீட்டுக் குலுக்கித்தான் பிரிப்போம்; அதைத் தாய்க்குத் தாய் செய்வது சரிப்படாது. காலையில் கோட்டைப் பார்க்கப் பழகிய செவிலியர் மாலையில் அதை மறந்துவிடுவாரா? அதனால் மருத்துவமனையையே ஓர் அலகாக எடுக்கிறோம். இங்கே ஒரு சிக்கல்: மண்டபம் ஊரில் பதிவு செய்த பெண் வளைகாப்பு முடிந்து தொண்டியில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார், அதுவும் தலைப்பிரசவம் என்றால் கேட்கவே வேண்டாம். பதிவு செய்த இடத்தை வைத்துப் பிரித்தால் கணக்கு குழம்பும். பிரசவம் நடக்கும் இடத்தை வைத்தே பிரிக்க வேண்டும்.

ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். மின்தடையில் ஒரு மையத்தின் ஃபிரிட்ஜ் சூடாகி மருந்து வீரியமிழந்தால், அங்கே ரத்தம் அதிகம் போவதற்கு ஆய்வு முறை காரணமில்லை. வெப்பநிலைப் பதிவேட்டையும் தரவோடு சேர்த்தே வாங்குங்கள்.

தாயிடம் சம்மதம் கேட்க வேண்டிய ஆய்வென்றால் இடுப்புவலி நேரத்தில் கையெழுத்துக் கேட்காதீர்கள்; கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே விளக்குங்கள். வாசிக்கத் தெரியாதவரென்றால் ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். படிவத்தில் பெரும்பாலும் கணவர் எண்தான் இருக்கும். அவர் படகில் போய்விட்டால் சிக்னல் கிடைக்காது. பிரசவமான 42-ஆம் நாள் விசாரிக்க, அம்மா வீட்டு எண்ணையும் அன்றே வாங்கி, அங்கேயே ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள்.