பூங்காப் புல்லுக்கடியில் பழைய காசு

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் நகரத்துப் பூங்காவில் காலை நடை போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். காதில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒருவர், நுனியில் வட்டத் தட்டு வைத்த நீளக் கம்பியைப் புல்லின் மேல் இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே மெதுவாக நடப்பார். திடீரென்று மண்டியிட்டு உட்கார்ந்து தோண்டுவார். அந்தக் கருவி மெட்டல் டிடெக்டர். தோண்டுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். பல வருஷமாக என் ஓய்வு நேரம் இதில்தான் போகிறது.

பூங்காவில் ஏன் காசு கிடைக்கிறது? காரணம் எளிது. நூறு வருஷமாக ஜனங்கள் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து மர நிழலில் படுத்திருக்கிறார்கள், பேஸ்பால் ஆடியிருக்கிறார்கள், பாண்டு வாத்தியம் கேட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் பிள்ளைகள் மேட்டிலிருந்து பனியில் சறுக்கி விழுந்து புரண்டிருக்கிறார்கள். பையிலிருந்து காசு நழுவ இவ்வளவு போதும். அதனால் பழைய மரத்தடி, மேட்டின் அடிவாரம், ஒரு காலத்தில் பாண்டு மேடை இருந்த இடம் ஆகியவற்றைத்தான் முதலில் தேடுவோம். இப்போது மேடை இருக்காது. பழைய வரைபடத்தில் இருக்கும்.

விழுந்த காசு மண்ணுக்குள் எப்படிப் போகிறது? அது மண்புழுவின் வேலை. சார்லஸ் டார்வின் தம் வீட்டருகே ஒரு வயலில் 1842-இல் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பச் செய்தார். 29 ஆண்டு கழித்து வெட்டிப் பார்த்தால், அந்த வெள்ளைத் துண்டுகள் 7 அங்குல ஆழத்தில் வரிசையாகக் கிடந்தன. புழுக்கள் அடிமண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து கழிக்கின்றன. அப்படி மண் மேலேற, மேலே கிடந்தது கீழே இறங்கிவிடுகிறது. பூங்காவில் பழைய காசு பெரும்பாலும் ஐந்தாறு அங்குலத்தில் இருப்பது இதனால்தான்.

சரி, கருவி எப்படி வேலை செய்கிறது? தட்டுக்குள் செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் திசை மாறி மாறி ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சின்ன மின்னோட்டம் சுழன்று, பதிலுக்கு ஒரு புலத்தை எழுப்புகிறது. அதைத்தான் கருவி ஒலியாக மாற்றித் தருகிறது. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, டெலிபோன் கண்ட கிரகாம் பெல் இதே அடிப்படையில் ஒரு கருவி செய்து, உடம்புக்குள் குண்டு எங்கே என்று தேடினார். கிடைக்கவில்லை. படுக்கையில் இருந்த எஃகுச் சுருள்களும் அவருக்கு இடைஞ்சலாக இருந்தன.

இரும்பாணி கரகரவென்று தாழ்ந்த குரலில் பேசும். வெள்ளிக் காசு கணீரென்று உச்சத்தில் பேசும், எந்தப் பக்கத்திலிருந்து தட்டை வீசினாலும் அதே சத்தம் வரும். நடுவில் இருப்பதுதான் சிக்கல். ஐந்து சென்ட் நிக்கல் காசும், தங்க மோதிரமும், 1960, 70-களில் குளிர்பான டப்பாவிலிருந்து பிய்த்துப் போட்ட அலுமினிய வளையமும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசும். தோண்டித்தான் ஆக வேண்டும். தோண்டினால் பெரும்பாலும் வளையம்தான் வரும். அதையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வருவோம்.

ஒரு காசைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். வழக்கமான ஐந்து சென்ட் காசில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். மண்ணில் கிடந்தால் செம்பழுப்பு ஏறிவிடும். ஆனால் சில சமயம் கறுத்துப்போன ஒன்று வரும். அதைத் தண்ணீரில் மெல்ல அலசித் திருப்பினால், பின்பக்கத்தில் பொறித்திருக்கும் ஜனாதிபதி ஜெஃபர்சனின் மாளிகைக் குவிமாடத்துக்கு மேலே பெரிதாக ஓர் எழுத்து நிற்கும். 1942 பிற்பகுதியிலிருந்து 1945 வரை அடித்த போர்க்காலக் காசு அது. நிக்கல் உலோகம் போருக்குத் தேவைப்பட்டதால் அதைக் காசிலிருந்து எடுத்துவிட்டு, 56 சதவீதம் செம்பு, 35 சதவீதம் வெள்ளி, 9 சதவீதம் மாங்கனீசு சேர்த்தார்கள். போர் முடிந்த பிறகு இவற்றைத் தனியே பிரித்தெடுக்க வசதியாக அந்தப் பெரிய எழுத்தைப் பொறித்தார்கள். செம்பையும் மிச்சம் பிடிக்க, 1943-இல் ஒரு சென்ட் காசை எஃகில் அடித்துத் துத்தநாகம் பூசினார்கள். அது மண்ணுக்குள் துருப்பிடித்து, இப்போது கருவிக்கு ஆணி மாதிரிதான் கேட்கிறது.

அதே 1943-இல் நம் ஊரில் என்ன நடந்தது தெரியுமா? ஓட்டைக் காலணா வந்தது. நடுவில் துளை போட்டதற்குக் காரணமும் அதேதான், உலோகம் மிச்சம். அதற்கு முன்பே, 1940-இல், வெள்ளி ரூபாயில் வெள்ளியை ஏறக்குறைய பாதியாகக் குறைத்திருந்தார்கள். நம் பாட்டிமார் சுருக்குப்பையில் வைத்திருந்த காசையும், இங்கே ஏதோ ஒரு பிள்ளை பூங்காவில் தொலைத்த காசையும் ஒரே போர் தொட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அது சின்ன இழப்பு இல்லை. அன்றைக்கு ஐந்து சென்டுக்கு ஒரு பாட்டில் கோகோ கோலா கிடைத்தது.

அதனால்தான் கிடைத்த காசைத் தேய்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒட்டிய மணல் வெள்ளியைக் கீறிவிடும், முகமும் ஆண்டும் போய்விடும். தண்ணீரில் ஊறவிட்டாலே போதும். இன்ன மரத்தடியில், இத்தனை அங்குலத்தில் என்று அன்றே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அது இல்லாவிட்டால் கையில் இருப்பது கடையில் வாங்கிய காசுக்குச் சமம்தான். பெயரோ பள்ளியோ பொறித்த மோதிரம் கிடைத்தால் உரியவரைத் தேடிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் குழி. நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். புல்லை மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கம் வேரோடு நிற்கும்படி கதவு மாதிரி திறக்க வேண்டும். தோண்டிய மண்ணை ஒரு துணியில்தான் கொட்ட வேண்டும். காசை எடுத்தபின் துணியோடு தூக்கி மண் முழுவதையும் குழிக்குள் திருப்பிக் கொட்டி, புல்லை மூடி, காலால் அழுத்தி, தண்ணீர் ஊற்ற வேண்டும். கோடை வறட்சியில் வேர் பிழைக்காது, அந்த மாதங்களில் தோண்டவே கூடாது. மூடாத குழியில் ஓடுகிற குழந்தையின் கால் மாட்டும். யாரோ ஒருவர் விட்டுப்போன நாலு குழிக்காக ஊர் முழுக்க எல்லாருக்கும் தடை விழும். தடை போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை.

சட்டம் ஊருக்கு ஊர் மாறும். சில நகரங்களில் அனுமதிச் சீட்டு வேண்டும், சிலவற்றில் அறவே கூடாது. தேசியப் பூங்காக்களில் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். மத்திய அரசு நிலத்தில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை எடுப்பதை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கருவியைப் பெட்டியில் வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். மண்ணில் புதைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்கிற 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இந்தியாவில் இன்றும் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். கரூர் அமராவதி ஆற்று மணலில் மாக்கோதை என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த சேரர் காசு கிடைத்தது. எவ்வளவு பெரிய செல்வம்! ஆனால் ஆற்று மணலில் கிடைத்ததற்கு மண்ணடுக்கு இல்லை, கூடவே கிடந்த பானை ஓடுகளும் இல்லை. காலத்தைக் கணிக்க அறிஞர்கள் எழுத்தையும் உருவத்தையும் பார்த்து வாதாட வேண்டியிருக்கிறது. அடுக்கு கலையாமல் இன்னும் கிடக்கிற மேடுகளை ஆசைக்காக நாம் கலைத்துவிடக் கூடாது. அவற்றைத் தொல்லியல் துறை ஆற அமரத் தோண்டட்டும்.

இங்கே தொடங்க விரும்புகிறவர்கள் கருவி வாங்குவதற்கு முன் உங்கள் நகரத்தின் பூங்காத் துறைக்கு ஒரு போன் போடுங்கள். அனுமதி உண்டா, எந்தெந்தப் பூங்காவில், எத்தனை அங்குலம் வரை தோண்டலாம், எந்த மாதங்களில் கூடாது என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி, அச்செடுத்துக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். காவலர் வந்து கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும். நன்றி, வணக்கம்.