கொலைவாளை எடுத்துப் போனவர் யார்?

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமில்லாமல் மேடையில் விழுங்கிய சில வரிகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே! ஆறாம் வகுப்பில் என் காதைத் திருகிய அதே கை இன்று எனக்குப் பொன்னாடை போர்த்தியது. காது இன்னும் அந்தப் பக்கம் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கிறது, ஐயா. முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே! இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, இலையில் உட்காராமலே இங்கே வந்திருக்கிறார்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி. நூலகத்துக்கு மின்விசிறி வாங்கித் தந்த வங்கி மேலாளர் அவர்களே! அந்த விசிறி நன்றாகச் சுற்றுகிறது, பாதி நேரம் பூட்டிய அறைக்குள் சுற்றுகிறது. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன். வரவேற்புரையில் என்னை அறிமுகம் செய்து பதினொரு நிமிடம் பேசிய தம்பிக்கு என் அன்பு. நான் வாங்காத ஒரு பட்டத்தையும் எனக்குக் கொடுத்துவிட்டார். திருப்பித் தர மனம் வரவில்லை, வைத்துக்கொள்கிறேன். நூலகர் அவர்களே, மைக் செட் தம்பி, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, சரித்திரக் காதல் கதைகளும் மாயக் கதைகளும் நம்மை ஏன் இழுக்கின்றன என்பது. நான்கு விஷயம் குறித்து வந்திருக்கிறேன். ஒன்று, இடைவெளி. இரண்டு, காதல். மூன்று, மாயம். நான்கு, பிறமொழியிலிருந்து இன்று பிள்ளைகள் படிக்கும் டிராகன் கதைகள். நான்கையும் நாற்பது நிமிடத்தில் முடிக்க வேண்டுமாம்.

எங்கள் பாட்டி ஒரு பழமொழி சொல்வாள்: கண்டதைக் கற்கப் பண்டிதன் ஆவான். சொன்னவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாது. ஆனால் வீட்டில் யாராவது "பாடப் புத்தகத்தை விட்டுவிட்டுக் கதைப் புத்தகமா?" என்று என்னை அதட்டினால், அடுப்படியிலிருந்து இந்தப் பழமொழி பறந்து வரும். கூடவே சில நாள் கரண்டியும் வரும்.

முதல் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் சொல்லி, அவர்கள் சொத்தையும் உறவினர் சொத்தையும் பற்றிப் பேசுகிறது. அவ்வளவுதான். எதற்குக் கொன்றார்கள், எங்கே கொன்றார்கள், பின்னால் நின்றது யார், ஒன்றும் இல்லை. நில விவகாரம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. கல்வெட்டுக்கு அழத் தெரியாது, ஐயா.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போங்கள். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்" என்று ராஜராஜன் பேசுகிறான். அந்த அக்கன் குந்தவை. அவளைச் சொல்லும்போது வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார் என்று வருகிறது. வந்தியத்தேவனுக்கு அங்கே கிடைத்த இடம், மனைவி பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ஒரு பெயர். (இங்கே பெண்கள் பக்கம் பலத்த கைதட்டல்.) அந்த ஒட்டுப் பெயரை எடுத்துக் குதிரையில் ஏற்றி, ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் விட்டார் கல்கி. அதுதான் பொன்னியின் செல்வன். 1950 அக்டோபரில் தொடங்கிய தொடர், 1954 வரை ஓடியது. முதல் அத்தியாயத்தில் என்ன நடக்கிறது? ஒன்றுமே நடக்கவில்லை. புதுத்தண்ணீர் வருகிறது, சனங்கள் கூட்டாஞ்சோறு கொண்டுவந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அந்தப் பிள்ளை ஏரித் தண்ணீர் பாயும் கணவாய்களை, அதாவது மதகுகளை, எண்ணிக்கொண்டே போகிறான். ஏரிக்கு மொத்தம் 74 கணவாய் என்று கணக்கு. அவனோடு சேர்ந்து நாமும் எண்ண ஆரம்பித்துவிடுகிறோம், எண்ண ஆரம்பித்தவன் தப்பிக்கவே முடியாது. அந்த ஏரிதான் இன்றைய வீராணம். சென்னைக்காரர்கள் அந்த ஏரியைத்தான் குடிக்கிறார்கள், எத்தனை பேருக்குத் தெரியுமோ.

கல்வெட்டு வாய் மூடிக்கொண்ட இடத்தில்தான் கதைக்காரன் வாய் திறக்கிறான். இதை விளக்க என் வீட்டுக் கதை ஒன்று சொல்ல வேண்டும். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், சுருக்கமாகவே சொல்கிறேன்.

எழுபதுகள். எனக்குப் பத்து வயது. எங்கள் அத்தை கல்யாணத்துக்கு முன்னால் வாரா வாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தாள். பைண்டர் வீட்டுத் திண்ணையில் மைதாப் பசை காய்ச்சுவார். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவார். அந்தப் புத்தகத்தைத் திறந்தால் பசை வாசனையும் பாச்சை உருண்டை வாசனையும் சேர்ந்து அடிக்கும். ஒரு பக்கத்தில் மணியம் வரைந்த குந்தவை. திருப்பினால் தலைக்குத் தேய்க்கும் தைல விளம்பரமும் பாதி கிழிந்த ஒரு நகைச்சுவைத் துணுக்கும். அந்தத் துணுக்கின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது.

தினமும் விளக்கு வைத்த பிறகு நான் வாசிக்க வேண்டும். பாட்டி தூணில் சாய்ந்து வெற்றிலை மடிப்பாள். பக்கத்து வீட்டிலிருந்தும் நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். நந்தினி வந்தால் திட்டுவார்கள், பூங்குழலி வந்தால் பெருமூச்சு விடுவார்கள். கடம்பூர் மாளிகைக் கட்டத்துக்கு வந்தோம். கரிகாலன் அறைக்குள் இருக்கிறான், நந்தினி இருக்கிறாள், கத்தி இருக்கிறது. பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த இரண்டு அத்தியாயத்தைக் காணோம்! இரவல் வாங்கிப் போன வீட்டில் எலி தின்றதா, கைக்குழந்தை கிழித்ததா, யாராவது சுண்டல் மடித்தார்களா, தெரியாது. நூல் மட்டும் தொங்குகிறது.

திண்ணையில் ஒன்பது பேர். பாட்டி மடித்த வெற்றிலையை வாயருகே வைத்துக்கொண்டு, "என்னடா நிறுத்திட்டே? படி" என்கிறாள். கிழிந்துபோச்சு என்று சொன்னால், பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை என்று எனக்குத்தான் அடி விழும். எச்சிலை விழுங்கினேன். வெற்றுத்தாளைப் பார்த்தபடி வாசிக்க ஆரம்பித்தேன். கத்தி பறந்தது, விளக்கு அணைந்தது, கரிகாலன் ஜன்னல் வழியே குதித்துக் குதிரையில் ஏறித் தப்பித்துவிட்டான்! எனக்கு அவனைக் கொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான். திண்ணையில் ஒரே சந்தோஷம். அன்றைக்கு எனக்கு ஒரு தம்ளர் பால் கூடுதல்.

மறுநாள்தான் வினை. அடுத்த அத்தியாயத்தில் ஊரே இளவரசனைச் சுமந்துகொண்டு அழுகிறது. அதற்கப்புறம் வந்தியத்தேவனைக் கொலைகாரன் என்று பாதாளச் சிறையில் போட்டுவிட்டார்கள். பத்து வயதுப் பையன் என்ன செய்வான்? "பாட்டி, அது வெளியில் சொல்லிக்கொள்ள. நிஜத்தில் அவனைக் காசிக்கு அனுப்பிவிட்டார்கள்" என்றேன். பாட்டி விடுவாளா? "பெத்த அப்பன் அப்படி அழுவுறானே, அவன்கிட்டகூடச் சொல்லலியா?" "ரகசியம், பாட்டி." "அப்ப அந்த வல்லத்துப் பிள்ளை ஏன் சிறையில கெடக்கணும்? உண்மையைச் சொல்லிட்டு வெளிய வரவேண்டியதுதானே?" "சத்தியம் பண்ணிக்கொடுத்துவிட்டான், பாட்டி." இப்படியே மீதிக் கதை முழுக்க நான் முட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தேன். அச்சில் ஒரு கதை, என் வாயில் ஒரு கதை. கல்கி அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது டவுன் கிளை நூலகத்தில் ஐந்தாம் பாகம் கைக்குக் கிடைத்தது. நாலு மைல் சைக்கிள் மிதித்துப் போய், அங்கே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே காணாமல் போன அத்தியாயங்களைப் படித்தேன். ஒரு வேடிக்கை பாருங்கள். கொன்றது இன்னார்தான் என்று கல்கியும் போட்டு உடைக்கவில்லை. கல்வெட்டு விட்ட இடைவெளியை நிரப்ப வந்த மனிதர், அதிலேயே கொஞ்சம் இடைவெளியை நமக்கும் விட்டுவைத்துவிட்டார். ஆனால் கரிகாலன் செத்தது செத்ததுதான். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்டா. அந்த எடத்துல நீ ரெண்டு தரம் எச்சில் முழுங்கினே. கதை படிக்கிறவன் எதுக்கு எச்சில் முழுங்கணும்? பொழைச்சுப்போவட்டும்னு கம்முனு இருந்தேன்" என்றாள்.

(இந்த இடத்தில் தலைவர் ஐயா சிரித்த சிரிப்பில் மைக் கரகரத்தது.)

இரண்டாவது காதல். சாண்டில்யனை வீட்டுக்குத் தெரியாமல் படித்தவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். ஐயா நீங்களுமா! சரி, கையை இறக்குங்கள். கதாநாயகியை வர்ணிக்க அவர் எடுத்துக்கொள்ளும் பக்கங்களில் ஒரு கப்பலே கட்டி முடித்துவிடலாம் என்று கேலி செய்வோம். ஆனால் கடல் புறாவில் அவர் கப்பலையும் கட்டினார். அதன் நாயகன் கருணாகரத் தொண்டைமான் யார்? கலிங்கப் போரில் குலோத்துங்கனின் படையை நடத்தியவன், கலிங்கத்துப்பரணியின் வீரன். தமிழாசிரியர் பிரம்பெடுத்தும் பரணியின் பக்கம் போகாத பையன்கள், சாண்டில்யன் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நானும் ஒருத்தன். கண்டதைக் கற்கப் பண்டிதன் ஆவான்!

போன பிறகுதான் தெரிந்தது, ஜெயங்கொண்டார் நமக்கெல்லாம் முன்னாலேயே எல்லாம் செய்துவிட்டார் என்று. பரணியில் கடை திறப்பு என்று ஒரு பகுதி. ஊடிக்கொண்டு கதவைச் சாத்திய பெண்களே, கதவைத் திறங்கள் என்று பாட்டு. அது காதலா? காதல். அடுத்து காளிக்கோயில், பசியில் வயிறு ஒட்டிப்போன பேய்கள், மந்திர ஜாலம் கற்று வந்த பேய், போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கும் பேய்கள். அது மாயக் கதையா? மாயக் கதை. நடுவில் சோழ வம்ச வரலாறு, கலிங்கப் படையெடுப்பு. சரித்திரக் காதலும் மாயமும் ஒரே புத்தகத்தில், அதுவும் 12ஆம் நூற்றாண்டில். இன்றைக்கு டிராகன் கதை படிக்கும் பிள்ளையைப் பார்த்து "என்ன குப்பை இது" என்கிறோமே, கூழ் காய்ச்சும் பேய்க்கும் நெருப்புக் கக்கும் டிராகனுக்கும் அப்படி என்ன தூரம்? மணிமேகலை வானத்தில் பறக்கிறாள், அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் வைத்திருக்கிறாள். 1947இல் வந்த அம்புலிமாமாவும் அதன் வேதாளமும் இல்லாமல் என் வயதுக்காரர்களுக்குப் பால்யம் உண்டா? நாவல் வடிவத்துக்குப் போனால் 1895இல் திருகோணமலைக்காரர் சரவணமுத்துப்பிள்ளை மோகனாங்கி எழுதி, நாயக்கர் காலத்துக்குள் நம்மை அழைத்துப் போய்விட்டார். தமிழின் முதல் சரித்திர நாவல் என்று அதைத்தான் சொல்வார்கள்.

மூன்றாவது விஷயத்தை மூன்றே வரியில் சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது விஷயம், பிறமொழிக் கதைகள்... அதற்கு நேரமில்லை. ஏனென்றால் பூட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

நமக்குப் பக்கத்துச் சீர்காழியில் 1892இல் பிறந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை உலகத்துக்கே எழுதிக்கொடுத்தவர். அவர் பிறந்து ஏழு வருடம் கழித்து, 1899இல், மயிலாடுதுறைக்குப் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர் கல்கி. ஒருவர் அலமாரி செய்தார், ஒருவர் அதை நிரப்பினார் என்று வையுங்கள். ரங்கநாதனின் முதல் விதி, நூல்கள் பயன்படுத்தவே. நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948இல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். நீங்கள்தான் கட்டுகிறீர்கள்.

இப்போது நம் நூலகம் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டப்படுகிறது. டவுன் பள்ளியிலிருந்து பிள்ளைகளின் பேருந்து வருவது ஐந்து இருபதுக்கு. இந்த இருபது நிமிடத்தில்தான், ஐயா, கரிகாலன் சாகிறான். நூலகர் மேல் தப்பில்லை. அவருக்குச் சொன்ன நேரம் அது, பல நாள் அவரே ஐந்தரை வரை உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எட்டு மணி வரை திறந்து வையுங்கள் என்று மூன்று முறை மனு கொடுத்தாயிற்று. எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. முதல் மனு பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். இரண்டாவதற்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு, முதல் மனுவின் நகலை இணைக்கச் சொன்னார்கள்.

கண்டதைக் கற்கச் சொல்லும் பழமொழி இருக்கிறதே, அதற்கு முதலில் காணக் கிடைக்க வேண்டாமா? தலைவர் அம்மா அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். நான்காவது மனுவில் முதல் கையெழுத்து அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்று இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் தலையாட்டுகிறார்கள், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். தாள் டீ டிரம் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனா இரண்டு வைத்திருக்கிறோம், போன கூட்டத்தில் ஒன்று காணாமல் போனதால் இந்த முறை நூலில் கட்டியிருக்கிறோம்.

கடைசியாக நூலகர் ஒரு சீட்டுக் கொடுத்திருக்கிறார், அதை வாசித்துவிடுகிறேன். பொன்னியின் செல்வன் 1999இல் நாட்டுடைமை ஆனது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், மலிவாகவே கிடைக்கிறது. அதற்காக நூலகப் பிரதியையும் உடைமையாக்கிக்கொள்ளக் கூடாது. நம் நூலகத்தில் புதுவெள்ளம் இருக்கிறது, சுழற்காற்று இருக்கிறது, மணிமகுடமும் தியாகச் சிகரமும் இருக்கின்றன. மூன்றாம் பாகம் கொலைவாள் பதினான்கு மாதமாகக் காணோம். எடுத்துப் போனவர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். பெயர் கேட்க மாட்டோம், அபராதமும் கிடையாது. நாளைக்கு ஐந்து மணிக்குள் நூலகர் மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். ஐந்துக்கு மேல் வந்தால் பூட்டியிருக்கும், ஜன்னல் வழியாகப் போட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.