சினமன் ரோல்: எந்த ஊரில் எப்படிச் சாப்பிடுகிறார்கள்?

(காட்சி: காபிக் கோப்பை, பக்கத்தில் ரோல்)

பட்டைத்தூள் தடவிச் சுருட்டிச் சுட்ட இனிப்பு பன்தான் சினமன் ரோல். ஐசிங் வழிய வழிய வருவது அமெரிக்க ரோல். ஸ்வீடனில் ஐசிங் கிடையாது. ஓவன் சூட்டிலும் உருகாத பேர்ல் சுகர் எனும் வெள்ளைச் சர்க்கரை மணிகளைத்தான் மேலே தூவுவார்கள். கை பிசுபிசுக்காது என்பதால் முள்கரண்டிக்கு வேலையில்லை. காபியோடு இதைச் சாப்பிடும் இடைவேளைக்கு ‘ஃபீக்கா’ என்று பெயர். பழைய காபி விருந்துகளில் வரிசையும் உண்டு: முதலில் பன், அடுத்து கேக், பிறகு ஏழு வகை பிஸ்கட். 1999 முதல் அக்டோபர் 4 இந்த ரோலுக்கான நாள்.

(காட்சி: மாவு பிசைதல்)

உண்மையில் ஸ்வீடன் ரோலின் ருசியைத் தீர்மானிப்பது மாவில் சேரும் ஏலக்காய். 37 டிகிரி சூட்டில் 250 மி.லி. பால், 420 கிராம் மைதா, வெண்ணெயும் சர்க்கரையும் 75 கிராம் வீதம், 7 கிராம் உலர் ஈஸ்ட், ஒரு சிட்டிகை உப்பு, அப்போதே இடித்த ஏலக்காய் 2 டீஸ்பூன். மாவு கையில் லேசாக ஒட்டத்தான் செய்யும். பொறுமையிழந்து மைதாவைக் கொட்டினால் ரோல் வறண்டுவிடும். உள்ளே தடவ 100 கிராம் வெண்ணெய், 80 கிராம் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் பட்டைத்தூள். வெண்ணெய் குழைவாக இருந்தால் போதும். உருக்கி ஊற்றினால் அடியில் வழிந்து கருகும். இறுக்கிச் சுருட்டினால் நடுப்பகுதி மேலே பிதுங்கும். 225 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம். சூட்டைக் குறைத்து நெடுநேரம் வைத்தால் காய்ந்துபோகும்.

(காட்சி: சாய்வாக வெட்டிய துண்டுகள்)

பின்லாந்தின் ‘கொர்வாபூஸ்தி’யும் ஏறக்குறைய இதே மாவுதான். சுருளை மாற்றி மாற்றிச் சாய்வாக வெட்டி, குறுகிய பக்கம் மேலே வரும்படி நிறுத்தி, நடுவில் விரலால் தட்டு வரை அழுத்துவார்கள். அரைகுறையாக அழுத்தினால் வேகும்போது பள்ளம் மறைந்துவிடும்.

டென்மார்க்கில் புதன்கிழமை வந்தால் பேக்கரிகளில் பட்டை ‘நத்தை’ எனப்படும் சினமன் ரோல் மலிவு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா, கான்சாஸ் பக்கம் பள்ளி மதிய உணவிலேயே காரமான மாட்டிறைச்சி பீன்ஸ் சில்லியோடு சினமன் ரோல் பரிமாறுவார்கள். சிலர் தொட்டுக்கொள்வார்கள், சிலர் மாற்றி மாற்றிக் கடிப்பார்கள். கேட்க விநோதம், காரத்துக்கு இனிப்பு, அவ்வளவுதான்.

(காட்சி: இரண்டு வகைப் பட்டை)

ஒரு எச்சரிக்கை. கேசியா எனும் வகைப் பட்டையில் உள்ள கூமரின் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் சாதாரண பேக்கரிப் பண்டங்களில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றும், பாரம்பரியப் பண்டங்களில் 50 என்றும் வரம்பு வைத்திருக்கிறது. இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகக் குறைவு. கடையில் பார்த்தாலே தெரியும்: கறுவா மெல்லிய பல அடுக்குச் சுருள், விரலால் நொறுக்கலாம், கேசியா தடித்த ஒற்றைச் சுருள், எளிதில் உடையாது. பொடியாக வாங்கினால் இந்தச் சோதனைக்கு வழியில்லை.