கிளாடியஸ் பேசுறாரா, கிரேவ்ஸ் பேசுறாரா?

வணக்கம். இன்னிக்கு ஆங்கிலக் கவிஞர், நாவலாசிரியர் ராபர்ட் கிரேவ்ஸ். 1895ல விம்பிள்டன்ல பொறந்தவர். முதல் உலகப் போர்ல, 1916 ஜூலையில, பிரான்ஸ்ல சோம் போர்க்களத்துல குண்டுச் சிதறல் நெஞ்சுல பாஞ்சு, செத்துட்டார்னு வீட்டுக்குக் கடிதமே போயிடுச்சு. மனுஷன் அதுக்கப்புறம் 69 வருஷம் இருந்தார்! 1929ல ஸ்பெயினோட மயோர்க்கா தீவுல டேயாங்கிற மலைக்கிராமத்துக்குப் போயிட்டார், கடைசியில அடக்கமானதும் அங்கதான். அவருக்கு உசுரு கவிதைதான். நாவல் எழுதினதெல்லாம் கவிதைக்குச் சோறு போட.

அப்படி வந்ததுதான் 1934ல ‘ஐ, கிளாடியஸ்’. ரோமப் பேரரசர் கிளாடியஸே தன் கதையைச் சொல்ற மாதிரி எழுதினது. இந்த யோசனைக்கு ஆதாரம் இருக்கு. கிளாடியஸ் எட்டுப் பாகத்துல சுயசரிதை எழுதினார்னு, பேரரசர்களோட வாழ்க்கைக் கதைகளை எழுதின ரோமர் சூட்டோனியஸ் பதிஞ்சு வச்சிருக்கார். நடைல குறையில்ல, ரசனைதான் பத்தலைன்னு ஒரு குத்தும் உண்டு. அந்தப் புத்தகம் இப்ப இல்ல. அந்தக் காலி இடத்துலதான் கிரேவ்ஸ் உக்காந்துட்டார்.

இன்னொரு காலி இடமும் இருக்கு. ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸோட வரலாற்றுல கி.பி. 37லேர்ந்து 47 வரைக்கும் உள்ள பகுதி தொலைஞ்சு போச்சு. அதாவது கிளாடியஸுக்கு முந்தின பேரரசர் கலிகுலாவோட ஆட்சி முழுசும், கிளாடியஸோட முதல் ஆறு வருஷமும். அங்க பெரும்பாலும் சூட்டோனியஸும், இன்னொரு வரலாற்றாசிரியர் காசியஸ் டியோவும்தான் கதி. ரெண்டு பேருக்கும் ஊர்வம்பு ரொம்பப் பிடிக்கும்.

இப்ப நாவல்ல வர்ற அத்திப்பழக் கதையை எடுத்துக்குவோம். மரத்துல தொங்குற பழத்துமேலயே லிவியா விஷம் தடவி, தடவாத பழத்தைத் தான் தின்னு, தடவினதைத் தன் புருஷன், முதல் பேரரசர் அகஸ்டஸுக்குக் குடுத்தாளாம். டியோ இதை வெறும் சந்தேகமாத்தான் சொல்றார். அதுவும் 200 வருஷம் கழிச்சு. டாசிடஸ்ல ‘சிலர் சந்தேகப்பட்டாங்க’ங்கிற அளவுதான். நாவல்ல அது நடந்த கொலை. படிக்கிற பாதிப் பேர் இதை வரலாறுன்னே நம்பிடறாங்க. காரணம், சொல்றவர் குரல் அவ்வளவு சாதுவா, ஆவணக் காப்பாளர் மாதிரி இருக்கு.

சொற்கள்லயும் அதே தந்திரம். ஜெர்மானியரோட ஈட்டிக்கு லத்தீன் பேரைப் போடாம, ஆப்பிரிக்க ஈட்டியோட பேரான ‘அசகாய்’னு போட்டார். ரோமர் காலத்து ‘கால்’ (Gaul) நாட்டை ‘பிரான்ஸ்’னு சொன்னார். ஒரு பொற்காசுன்னா 100 செஸ்டர்ஸ் (ரோமச் சில்லறைக் காசு), கிட்டத்தட்ட ஒரு பவுண்டுன்னு முன்குறிப்புலயே கணக்கும் சொல்லிட்டார். அடிக்குறிப்பைத் தேடி ஓட வேண்டியதில்ல.

முதல் தடவை படிக்கிறவங்க தடுமாறுறது பேர்லதான். கிளாடியஸோட அப்பாவும் துருசஸ், அகஸ்டஸுக்கு அடுத்த பேரரசர் திபேரியஸோட மகனும் துருசஸ். அதனால மகனை ‘காஸ்டர்’னே கூப்பிடுறார் கிரேவ்ஸ். அதுவும் டியோ சொன்ன பட்டப்பேர்தான், ஒரு கனவானோட கைகலப்புல இறங்கினதுக்காக வந்தது. வம்சாவளிப் பக்கத்துல ஒரு புக்மார்க் வச்சுக்கங்க. கூடவே ஒரு தாள்ல அக்ரிப்பினா ரெண்டு பேரையும் தனித்தனியா எழுதி வைங்க. அம்மா ஒருத்தி, மக ஒருத்தி; மகளை கிரேவ்ஸ் ‘அக்ரிப்பினில்லா’னு கூப்பிடுறார். இல்லேன்னா நூறு பக்கத்துக்குள்ள குழம்பிடும்.

சூட்டோனியஸை அப்புறமாப் படிங்க. 1957ல வந்த பென்குயின் மொழிபெயர்ப்பு இதே கிரேவ்ஸ் செஞ்சது. வாக்கியங்களைப் புரட்டிப் போட்டு, விளக்கத்தை மூலத்துக்குள்ளயே கலந்திருப்பார். 1979ல மைக்கேல் கிராண்ட் திருத்தின பதிப்பு கிடைச்சா அதை எடுங்க.