சீனி சேர்க்காத சாக்லேட் வயிற்றைக் கலக்குவது ஏன்?

[காட்சி: பிரிக்ஃபீல்ட்ஸ், தீபாவளிக் கூட்டம்]

வணக்கம். தீபாவளிக்குச் சாமான் வாங்கும்போது, இனிப்புநீர் உள்ள மாமாவுக்கென்று சீனி சேர்க்காத சாக்லேட்டும் ஒரு டப்பா எடுத்துக்கொள்கிறோம். மாமாவோ, சீனிதான் இல்லையே என்ற தைரியத்தில் பாதி டப்பாவைக் காலி செய்கிறார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் கிடையாது, கழிப்பறைக்கு நடைதான்.

[காட்சி: டப்பாவின் பின்பக்கம், பொடி எழுத்துகள்]

மால்டிட்டால், சோர்பிட்டால் என்றிருக்கும். சில டப்பாக்களில் 965, 420 என்று எண் மட்டும். இவைதான் சர்க்கரை ஆல்கஹால்கள். போதை தராதவை. குளுக்கோஸுடன் ஹைட்ரஜன் சேர்த்தால் சோர்பிட்டால். பேரிக்காயில் அது இயற்கையாகவே உண்டு.

சிறுகுடல் இவற்றை முழுவதும் உறிஞ்சுவதில்லை. அதனால்தான் ஒரு கிராம் சீனி 4 கலோரி தர, மால்டிட்டால் சுமார் 2.1 தருகிறது. பாதிதான் குறைகிறது, மாமா! இரத்தச் சர்க்கரையும் ஓரளவு ஏறும். உறிஞ்சப்படாத மிச்சம் குடலுக்குள் தண்ணீரை இழுக்கிறது. பெருங்குடல் பாக்டீரியா அதை நொதிக்க வைத்து வாயுவைக் கிளப்புகிறது. மலச்சிக்கலுக்கு லாக்டிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலை மருந்தாகக் கொடுப்பதும் தண்ணீரை இழுக்கும் இந்தக் குணத்துக்காகவே.

[காட்சி: தீவிரச் சிகிச்சைப் பிரிவு]

இதே குணம் உயிரையும் காக்கிறது. தலையில் அடிபட்டு மூளை வீங்கியவருக்கு மானிட்டால் என்ற இன்னொரு சர்க்கரை ஆல்கஹாலின் கரைசலை, பெரும்பாலும் 20 சதவீத அடர்த்தியில், இரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். அது மூளைத் திசுவுக்குள் எளிதில் நுழையாது. இரத்தத்தில் இருந்தபடியே அங்குள்ள நீரை இழுத்து, சிறுநீராக வெளியேற்றுகிறது. மண்டைக்குள் அழுத்தம் தணிகிறது. குளிரூட்டிய அறையில் இந்தக் கரைசல் படிகம் கட்டும். கண்ணாடித் தூள் மிதப்பதுபோல் தெரிந்தால், சூடாக்கிக் கரைத்து, உடல் வெப்பத்துக்கு ஆறவைத்து, வடிகட்டி பொருத்திய பிறகே ஏற்றவேண்டும்.

ஆய்வுக்கூடத்திலும் மானிட்டால் உண்டு. 7.5 சதவீத உப்பும் மானிட்டாலும் கலந்த சிவப்பு அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற நோய்க்கிருமி வளர்ந்தால், அது மானிட்டாலைத் தின்று அமிலம் விடும், தட்டு மஞ்சளாகும்.

[காட்சி: சூயிங்கம்]

கடைசியாக, சூயிங்கம்மில் சேர்க்கும் சைலிட்டால். கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் நாக்கு ஜில்லிடும். பல்லைச் சொத்தையாக்கும் பாக்டீரியாவால் இதை அமிலமாக மாற்ற முடியாது. பின்லாந்தின் துர்க்கு நகரில் 1970களிலேயே இதை ஆராய்ந்தார்கள்.

ஆனால் வீட்டில் நாய் இருந்தால் இந்த கம்மை மேசைமேல் விட்டுவைக்காதீர்கள். சைலிட்டால் உள்ளே போனால் நாயின் கணையம் இன்சுலினைக் கொட்டும். இரத்தச் சர்க்கரை சரிந்து உயிருக்கே ஆபத்து. தின்றது தெரிந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். கம் உறையையும் கையோடு கொண்டுபோங்கள். எவ்வளவு சைலிட்டால் என்று அவர் கேட்பார்.